மேகக் கணிமையில் பணிவரிசையின் நிரல்வடிவம்: முன்னுரிமையும் காத்திருப்பும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மேகக் கணிமைத் தளங்களில் தொகுதிச் செயலாக்கத்திற்கு அனுப்பப்பெறும் பணிகள், பணிவரிசைகளில் காத்திருந்து கணிப்பு வளங்களைப் பெறுகின்றன. இவ்வரிசைகளை நிருவாகத் திரையில் சொடுக்கி அமைப்பதை விடுத்து, நிரலாக எழுதிக் காக்கும் வழக்கம் இன்று நிலைபெற்றுள்ளது. ஏடபிள்யூஎஸ் பேட்ச் சேவையின் பணிவரிசை, கிளவுட்ஃபார்மேஷன், டெர்ராஃபார்ம், சிடிகே ஆகிய மூன்று நிரல்வடிவங்களில் எழுதப்படும் பாங்கினை இக்கட்டுரை பனுவல் வாசிப்பாக அணுகுகிறது. முந்துவோர் யார் என்பதைத் தீர்மானிக்கும் எண்கள் ஒரே பனுவலுக்குள் எதிரெதிர்த் திசைகளில் பொருள் தருதல், வரிசையை மூடுதலின் வகைகள் ஒரே சொல்லில் அடங்கிவிடுதல், மீட்க இயலாத தேர்வுகள் மீட்கத்தக்கன போலத் தோன்றுதல், காத்திருப்போர் பனுவலில் இடம்பெறாமை ஆகிய நான்கு குறைகள் சுட்டப்பெறுகின்றன. ஸ்லர்ம், கியூ ஆகிய அமைப்புகளின் பதிவுமுறைகள் ஒப்பீட்டிற்குக் கொள்ளப்பெறுகின்றன. பகிர்வு நீதியைப் பற்றிய முடிவுகள் நிரலின் சொற்றேர்வில் மறைந்துவிடுகின்றன என்பதே கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: மேகக் கணிமை, தொகுதிச் செயலாக்கம், பணிவரிசை, நிரல் திறனாய்வு, முன்னுரிமை, நியாயப் பங்கீடு, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

நிரலைக் கணிப்பொறிக்கு இடும் கட்டளையாக மட்டுமன்றி, மனிதர் படிக்கும் பனுவலாகவும் காணும் நோக்குப் புதியதன்று. டொனால்டு குனுத் 1984இல் முன்வைத்த இலக்கியமுறை நிரலாக்கம், கணிப்பொறிக்குச் செய்தி சொல்வதினும் மனிதருக்கு விளக்கம் கூறுவதையே நிரலாளரின் முதற்கடமையாகக் கொண்டது. மார்க் மரினோ 2006இல் கட்டுரையாகத் தொடங்கி 2020இல் நூலாக விரித்த நிரல் திறனாய்வு, நிரலின் பெயரீடு, அமைப்பு, விடுபடல் ஆகியவற்றைப் பண்பாட்டுச் சான்றுகளாகப் படிக்கும் நெறியை வகுத்தது.

உள்கட்டமைப்பைப் பதிவுசெய்யும் நிரல்கள் இத்தகைய வாசிப்புக்கு இடந்தராதன போலத் தோன்றலாம். அவற்றில் நிகழ்ச்சியோட்டம் இல்லை. பெயர்களும் மதிப்புகளும் மட்டுமே அடுக்கப்பட்டிருக்கும். எனினும் பணிவரிசை என்னும் பொருள் அவற்றினின்று வேறுபட்டது. யார் முதலில், யார் பின்னர், எவ்வளவு நேரம் காத்திருக்கலாம், வாயில் எப்போது மூடப்படும் என்னும் வினாக்களுக்கு அது விடை கூறுகிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் மரபணு ஆய்வுப் பணியும் நிதிப்பிரிவின் இரவுக் கணக்குப் பணியும் ஒரே கணிப்பு வளத்திற்குப் போட்டியிடும்போது, அவற்றிடையே தீர்ப்பு வழங்குவது சில வரிகள் கொண்ட ஒரு நிரற்பகுதியே. அதனை எழுதியவர் கருதியதும் படிப்பவர் புரிந்துகொள்வதும் ஒன்றாக அமைகின்றனவா என்பது ஆராயத்தக்கது.

ஏடபிள்யூஎஸ் பேட்ச் 2016 டிசம்பரில் அறிவிக்கப்பெற்று, 2017 தொடக்கத்தில் பொதுப் பயன்பாட்டிற்கு வந்தது. அதன் பணிவரிசை பல நிரல்வடிவங்களில் எழுதப்படுவதால் ஒப்பீட்டிற்கு ஏற்றதாக அமைகிறது. 2011இல் அறிமுகமான கிளவுட்ஃபார்மேஷன், 2014இல் வெளிவந்த டெர்ராஃபார்ம், 2019இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த சிடிகே ஆகிய மூன்றும் ஒரே சேவையை மூன்று நடைகளில் எழுதுகின்றன. பொருள் ஒன்றாகவும் நடை வேறாகவும் இருப்பதால், நடையின் விளைவுகளைத் தனித்துக் காண இயலுகிறது.

வரிசையும் வரிசையின் சட்டமும்

கணினியியல் மாணவர் முதலில் கற்கும் வரிசை ஒரு தரவுக் கட்டமைப்பு. அதன் ஒரு முனையில் உறுப்புகள் சேரும், மறுமுனையில் நீங்கும். அவ்வரிசையின் நிரலில் சேர்த்தல், நீக்கல் என்னும் இரு வினைகளும் கட்டாயம் இருக்கும். மேகக் கணிமையின் பணிவரிசை நிரலிலோ இவ்விரண்டும் இல்லை. பெயர், நிலை, முன்னுரிமை எண், கணிப்புச் சூழல்களின் பட்டியல், விரும்பினால் ஒரு பங்கீட்டுக் கொள்கை ஆகியனவே அதில் காணப்படும். பணிகள் பின்னர் வேறொரு வழியில், வேறொருவரால் அனுப்பப்படுகின்றன. ஆகவே இப்பனுவல் வரிசையைப் பதிவுசெய்வதில்லை. வரிசைக்குரிய சட்டத்தைப் பதிவுசெய்கிறது. பயணச்சீட்டு வழங்குமிடத்தில் நிற்கும் மக்களுக்கும் அங்கு ஒட்டப்பட்டுள்ள அறிவிப்புப் பலகைக்கும் உள்ள வேறுபாடு இது.

கணிப்புச் சூழல் என்பது பணிகள் உண்மையில் இயங்கும் கணிப்பொறிகளின் தொகுப்பைக் குறிக்கும். ஒரு வரிசைக்கு மூன்று சூழல்கள் வரை இணைக்கலாம். ஒரே சூழலைப் பல வரிசைகளும் பகிர்ந்துகொள்ளலாம். இந்தப் பகிர்வே முன்னுரிமையின் தேவையைத் தோற்றுவிக்கிறது. தனக்கென ஒரு சூழலைக் கொண்ட வரிசைக்கு முன்னுரிமை எண் பொருளற்றது. ஒரே சூழலை இரு வரிசைகள் நாடும்போதுதான் அவ்வெண் உயிர்பெறுகிறது. ஆனால் அவ்விரு வரிசைகளும் இரு வேறு கோப்புகளில், இரு வேறு குழுவினரால் எழுதப்பட்டிருக்கலாம். ஒரு வரிசையின் பனுவலைத் தனியே படிப்பவருக்கு அதன் எண்ணின் பொருள் முழுமையாக விளங்காது. ஒப்பீட்டினால் மட்டுமே பொருள்பெறும் ஒரு மதிப்பு, ஒப்பிடப்படும் மற்றொன்று கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழுதப்படுகிறது என்பது இவ்வடிவத்தின் அடிப்படைச் சிக்கலாகும்.

எண்களின் எதிரெதிர்த் திசைகள்

கிளவுட்ஃபார்மேஷன் வடிவில் எழுதப்பெற்ற ஒரு பணிவரிசையில் 'பிரயாரிட்டி' என்னும் புலமும் 'ஆர்டர்' என்னும் புலமும் சில வரிகள் இடைவெளியில் அமைகின்றன. இரண்டும் முழு எண்களை ஏற்பன. இரண்டும் முந்துதலைக் குறிப்பன. முன்னதில் பெரிய எண் முந்தும்: 10 என்னும் முன்னுரிமை பெற்ற வரிசை, 1 பெற்ற வரிசைக்கு முன்னர்க் கவனிக்கப்படும். பின்னதில் சிறிய எண் முந்தும்: 1 என்னும் இடம்பெற்ற கணிப்புச் சூழலே முதலில் முயலப்படும்; அங்கு இடமில்லையெனில் 2 முயலப்படும். ஒரே பத்திக்குள் '1' என்னும் எண் ஓரிடத்தில் கடைநிலையையும் மற்றோரிடத்தில் முதனிலையையும் குறிக்கிறது.

இதற்கு விளக்கம் கூற இயலும். முன்னது அளவெண், உயர்வைச் சுட்டுவது. பின்னது வரிசையெண், முறையைச் சுட்டுவது. மதிப்பெண் பட்டியலில் 90 உயர்ந்தது என்பதும் தரவரிசையில் 1 உயர்ந்தது என்பதும் எவருக்கும் குழப்பம் தருவதில்லை. ஏனெனில் மதிப்பெண், தரம் என்னும் சொற்களே திசையை உணர்த்திவிடுகின்றன. ஆய்வுக்குரிய நிரலில் 'ஆர்டர்' என்னும் சொல் ஓரளவு திசையை உணர்த்துகிறது. 'பிரயாரிட்டி' அதனைச் செய்யவில்லை. முதல் முன்னுரிமை என்னும் வழக்கில் 1 உயர்வையும், உயர் முன்னுரிமை என்னும் வழக்கில் பெரிய எண் உயர்வையும் குறிக்க, அச்சொல் இரு திசைக்கும் இடந்தந்து நிற்கிறது.

2021இல் சேர்க்கப்பெற்ற நியாயப் பங்கீட்டுக் கொள்கை இச்சிக்கலை மேலும் பெருக்கியது. அக்கொள்கையில் ஒவ்வொரு பயனர் குழுவிற்கும் ஓர் அடையாளப் பெயரும் 'வெயிட் ஃபேக்டர்' என்னும் எடை எண்ணும் தரப்படுகின்றன. முன்னிருப்பு மதிப்பு 1. இங்குச் சிறிய எடையே மிகுதியான பங்கைத் தருகிறது: 0.125 எடைபெற்ற குழு, 1 எடைபெற்ற குழுவைப்போல் 8 மடங்கு வளத்தைப் பெறும். வழக்கு மொழியில் எடை மிக்கது சிறப்புமிக்கது. சொல்லுக்கு எடை, கருத்துக்கு எடை என்று கூறும்போது மிகுதியே மதிப்பு. நிரலிலோ எடை மிகுந்தவர் குறைவாகப் பெறுகிறார். ஒருவர் நுகர்ந்த அளவின்மீது ஏற்றப்படும் சுமை என்று இவ்வெண்ணைக் கொண்டால் அதன் திசை பொருந்திவரும். ஆனால் அவ்விளக்கத்தைப் படிப்பவரே தேடிக்கொள்ள வேண்டியுள்ளது. பெயர் அதற்குத் துணைசெய்யவில்லை. இதே கொள்கையின்கீழ் ஒரு தனிப்பணிக்குத் தரப்படும் முன்னுரிமை எண்ணில் மீண்டும் பெரியதே முந்துகிறது. ஆக, முந்துதலைத் தீர்மானிக்கும் நான்கு எண்களில் இரண்டு மேல்நோக்கியும் இரண்டு கீழ்நோக்கியும் பொருள் தருகின்றன.

'கம்ப்யூட் ரிசர்வேஷன்' என்னும் ஒதுக்கீட்டு எண் வேறு வகையில் மயங்கவைக்கிறது. 50 என்று எழுதப்பட்டிருப்பின், பாதி வளம் ஒதுக்கிவைக்கப்படுகிறது என்றே எவரும் படிப்பர். அவ்வெண் நூற்றால் வகுக்கப்பட்டு, செயற்பாட்டிலுள்ள குழுக்களின் எண்ணிக்கை அளவிற்கு அடுக்கேற்றப்படுகிறது. ஒரு குழு இயங்கும்போது ஒதுக்கீடு 50 விழுக்காடு, இரண்டாயின் 25, மூன்றாயின் 12.5. பனுவலில் நிலையாக நிற்கும் எண், செயற்பாட்டில் மாறிக்கொண்டேயிருக்கிறது. இனிவரும் புதிய குழுவிற்கு இடம் வைத்திருத்தல் என்னும் நல்லெண்ணமே இதன் நோக்கம். எனினும் அந்நோக்கம் எண்ணிலும் இல்லை, பெயரிலும் முழுமையாக இல்லை.

மூன்று நடைகள்

ஒரே பொருளை மூன்று வடிவங்களும் கையாளும் விதம் வேறுபடுகிறது. கிளவுட்ஃபார்மேஷன் சேவையின் புலங்களை ஏறத்தாழ அப்படியே பெயர்த்தெழுதுகிறது. அதன் நடை உரைகாரர் தலையிடாத மூலபாடத்தை ஒத்தது. மூலத்தின் தெளிவும் மயக்கமும் ஒருங்கே வந்துசேரும்.

டெர்ராஃபார்மின் முந்தைய வடிவம் ஒரு துணிவான தேர்வைச் செய்தது. கணிப்புச் சூழல்களுக்கு எண் தராமல், அவற்றை ஒரு பட்டியலாக மட்டும் எழுதச் செய்தது. பட்டியலில் முன்னே நிற்பது முதலில் முயலப்படும். எண்ணின் திசை பற்றிய ஐயம் இதனால் முற்றிலும் நீங்கியது. மேலே எழுதப்பட்டது முந்தும் என்பது கற்பிக்கப்படாமலே விளங்குவது. பின்னர் அவ்வடிவம் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பெற்று, எண்ணையும் சூழலையும் வெளிப்படையாகக் கூறும் தனித்தொகுதி அதன் இடத்தைப் பெற்றது. மூலத்தோடு ஒத்துப்போதல் என்னும் பயனுக்காக வாசிப்பின் எளிமை விட்டுக்கொடுக்கப்பட்டது எனலாம். வெளிப்படையாகக் கூறுதல் எப்போதும் தெளிவைத் தரும் என்னும் பொது நம்பிக்கைக்கு இம்மாற்றம் ஒரு மறுப்பாகும். எண்ணை வெளிப்படையாக எழுதுவதால் அதன் திசை வெளிப்படையாகிவிடுவதில்லை.

சிடிகே பொது நிரல்மொழிகளின் வகைகளைப் பயன்படுத்தும் வாய்ப்பைக் கொண்டது. பங்கீட்டுக் கொள்கையில் பழைய நுகர்வு எவ்வளவு காலம் கணக்கில் கொள்ளப்படும் என்பதை மூலவடிவம் நொடிகளில் ஒரு வெற்றெண்ணாகக் கேட்கிறது. சிடிகே அதனைக் கால அளவு என்னும் தனிவகையாக மாற்றி, நிமிடம், மணி என்று அலகோடு எழுதச் செய்கிறது. இது பாராட்டத்தக்க சீர்திருத்தம். ஆனால் அதே கவனம் முன்னுரிமைக்கும் எடைக்கும் கிடைக்கவில்லை. அவை வெற்றெண்களாகவே நிற்கின்றன. மேலும், முன்னுரிமையை எழுதாமல் விட்டால் 1 என்று சிடிகே கொள்கிறது. ஏனைய இரு வடிவங்களும் அதனைக் கட்டாயமாகக் கேட்கின்றன. இரு குழுவினர் தத்தம் வரிசைகளில் அதனை எழுதாமல் விட்டால், இரண்டும் சமநிலை பெறுகின்றன. அச்சமநிலை எவரும் எண்ணி எடுத்த முடிவன்று, எழுதாமையின் விளைவு. காலத்திற்கு அலகு தேவை என்று உணர்ந்த வடிவமைப்பு, முறைமைக்குத் திசை தேவை என்று உணராதது இங்குச் சுட்டத்தக்கது.

மூடுதலின் வகைகள்

வரிசையின் நிலையைக் குறிக்கும் புலம் இரு மதிப்புகளை மட்டுமே ஏற்கிறது: 'எனேபிள்டு', 'டிஸ்ஏபிள்டு'. சிடிகே இதனை ஆம், இல்லை என்னும் இருமை மதிப்பாக மேலும் சுருக்குகிறது. இரண்டாம் மதிப்பின் பொருள் வரிசை நின்றுவிட்டது என்பதன்று. புதிய பணிகள் ஏற்கப்படா. முன்னரே நிற்பவை இயங்கி முடியலாம் என்பதே அதன் பொருள். பராமரிப்பு நாளில் இயக்கத்தை நிறுத்திவைக்கக் கருதி இச்சொல்லை எழுதும் நிருவாகி, காத்திருக்கும் பணிகள் தொடர்ந்து இயங்கத் தொடங்குவதைக் காண்பார்.

லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் தோன்றி, மீத்திறன் கணிப்பொறி நிலையங்களில் பரவலாக வழங்கும் ஸ்லர்ம் அமைப்பு இவ்விடத்தில் ஒப்பிடத்தக்கது. அதில் 'பார்ட்டிஷன்' எனப்படும் பிரிவே பணிவரிசையின் இடத்தை வகிக்கிறது. அப்பிரிவின் நிலை நான்கு சொற்களால் குறிக்கப்படுகிறது. 'அப்' என்பதில் சேர்க்கையும் உண்டு, இயக்கமும் உண்டு. 'டவுன்' என்பதில் சேர்க்கை உண்டு, புதிய இயக்கம் இல்லை. 'டிரெயின்' என்பதில் சேர்க்கை இல்லை, ஏற்கெனவே நிற்பவற்றுக்கு இயக்கம் உண்டு. 'இன்ஆக்டிவ்' என்பதில் இரண்டும் இல்லை. வாயிலில் நுழைதல், உள்ளே நகர்தல் என்னும் இரு வினாக்களுக்கும் தனித்தனி விடைகள் இருக்கலாம் என்னும் உணர்வு இந்நான்கு சொற்களில் பதிந்துள்ளது. ஏடபிள்யூஎஸ் பேட்சின் இரண்டாம் மதிப்பு ஸ்லர்மின் மூன்றாம் நிலைக்கு இணையானது. ஆனால் வடித்தல் என்னும் பொருளை விடுத்து, முடக்கம் என்னும் பொருளுடைய சொல்லால் அது வழங்கப்பெறுகிறது.

குபெர்னெட்டிஸ் சூழலுக்கென 2022 முதல் வளர்க்கப்பெறும் கியூ என்னும் அமைப்பு, நிறுத்தக் கொள்கை என்னும் தனிப்புலத்தையே கொண்டுள்ளது. நிறுத்தமின்மை, புதிய அனுமதியை நிறுத்திவைத்தல், நிறுத்திவைத்து இயங்குவனவற்றையும் வெளியேற்றல் என மூன்று தேர்வுகள் அதில் அமைகின்றன. இயங்கிக்கொண்டிருக்கும் பணிக்கு என்ன நேரும் என்பதைத் தனியே கேட்டு விடைபெறும் இவ்வடிவம், எழுதுபவரைச் சிந்திக்கச் செய்கிறது. பனுவல் கேட்காத வினாவை எழுதுபவர் தாமே எழுப்பிக்கொள்வது அரிது.

மீட்க இயலாத வரிகள்

அறிவிப்புமுறை நிரலின் அடிப்படை வாக்குறுதி, விரும்பும் நிலையை எழுதினால் அந்நிலை வந்தடையும் என்பது. ஒரு வரியைச் சேர்த்தால் ஒரு பண்பு சேரும். அதே வரியை நீக்கினால் அப்பண்பு நீங்கும் என்று படிப்பவர் எதிர்பார்க்கிறார். பணிவரிசையில் இவ்வாக்குறுதி இரு இடங்களில் முறிகிறது.

முதலாவது, பங்கீட்டுக் கொள்கை. கொள்கை இணைக்கப்படாத வரிசை, முதலில் வந்தது முதலில் என்னும் முறையில் இயங்கும். கொள்கையுடன் உருவாக்கப்பெற்ற வரிசையிலிருந்து அதனை நீக்க இயலாது. மற்றொரு கொள்கையால் மாற்றிட மட்டுமே இயலும். பனுவலில் அது நீக்கத்தக்க ஒரு வரியாகவே காட்சியளிக்கிறது. ஏனைய வரிகளைப் போன்றே எழுத்தும் இடமும் பெற்ற அவ்வரி, உண்மையில் வரிசையின் பிறப்பியல்பைத் தீர்மானிப்பதாகும். பண்புகளைப் பிறப்பியல்பு, மாறியல்பு எனப் பிரித்துக்காட்டும் இலக்கணம் இந்நிரல்வடிவங்களில் இல்லை.

இரண்டாவது, பெயர். வரிசையின் பெயரை மாற்றுதல் கிளவுட்ஃபார்மேஷனிலும் டெர்ராஃபார்மிலும் பழைய வரிசையை நீக்கிப் புதியதை உருவாக்குதலாகவே நிறைவேறும். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்துவதும் இவ்வகையில் அடங்கும். வரிசை நீக்கப்படும்போது அதிலுள்ள பணிகள் அனைத்தும் முடிவுக்குக் கொண்டுவரப்படும். சேவையின் விதிப்படி, நீக்குவதற்கு முன் வரிசை முடக்கப்பட வேண்டும். முடக்கம் என்னும் இடைநிலை, காத்திருப்பவை முடியும்வரை பொறுத்திருக்க நிருவாகிக்கு ஒரு வாய்ப்பைத் தருகிறது. டெர்ராஃபார்ம் அவ்விரு படிகளையும் தானே அடுத்தடுத்துச் செய்துவிடுவதால் அவ்வாய்ப்பு மறைகிறது. செயற்படுத்துமுன் அது காட்டும் திட்ட அறிக்கை, வரிசை மாற்றியமைக்கப்படும் என்று நேர்மையாகவே கூறுகிறது. அவ்வரிசையில் எத்தனை பணிகள் நிற்கின்றன என்பதை மட்டும் அது கூறுவதில்லை. சக நிரலாளர் அம்மாற்றத்தை மதிப்பிடும்போது காண்பது பெயரில் ஓரெழுத்து வேறுபாடு. விளைவது காத்திருந்த அனைத்தின் இழப்பு.

காத்திருப்பின் மௌனம்

பணியொன்று சமர்ப்பிக்கப்பட்டது முதல் வெற்றியிலோ தோல்வியிலோ முடிவது வரை ஏழு நிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் திறனாய்வுக்கு உரியது 'ரன்னபிள்', அதாவது இயங்கத்தக்கது என்னும் நிலை. சார்ந்திருக்கும் பணிகள் முடிந்து, இடம் கிடைத்தால் இயங்கலாம் என நிற்கும் பணி இந்நிலையைப் பெறும். போதிய வளம் இல்லையெனில் இந்நிலையில் வரையறையின்றி நிற்கலாம். கேட்கப்பட்ட நினைவக அளவைத் தரவல்ல கணிப்பொறி இணைக்கப்பட்ட சூழல் எதிலும் இல்லையாயினும், பணி தோல்வி அடைவதில்லை. இயங்கத்தக்கது என்னும் பெயரோடு நின்றுகொண்டேயிருக்கும். ஒருபோதும் இயங்க இயலாத பணிக்கு இயங்கத்தக்கது என்று பெயரிடும் முரண் இங்கு உள்ளது.

இதன் பாதிப்பு அப்பணியோடு நிற்பதில்லை. முதலில் வந்தது முதலில் என்னும் முறையில், தலைப்பகுதியில் நிற்கும் பணி பின்னுள்ளவற்றையும் மறிக்கக்கூடும். பணிக்கு விதிக்கப்படும் காலவரம்பும் இங்குத் துணைசெய்யாது. அவ்வரம்பு பணி இயங்கத் தொடங்கிய நேரத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. செலவழிந்த கணிப்பு நேரம் அளக்கப்பட்டது. காத்திருந்த நேரம் அளக்கப்படவில்லை. கணிப்பொறியின் நேரத்திற்கு விலை உண்டு, மனிதரின் காத்திருப்பிற்கு இல்லை என்னும் மதிப்பீடு இவ்வமைப்பில் உறைந்துள்ளது.

2024இல் இக்குறையை நோக்கி இரு மாற்றங்கள் வந்தன. ஒன்று, வரிசையின் தலைப்பகுதியில் நிற்கும் முதல் 100 பணிகளைக் காட்டும் வசதி. மற்றொன்று, இயங்கத்தக்க நிலையில் குறித்த காலத்திற்கு மேல் தலைப்பகுதியில் மறித்து நிற்கும் பணியை விலக்கும் விதியை வரிசையின் நிரலிலேயே எழுதும் புலம். அவ்விதியில் நிலை, காரணம், கால அளவு, செயல் ஆகியன எழுதப்பட வேண்டும். போதிய கணிப்பொறிகள் கிடைக்காமை ஒரு காரணம். சூழலின் உச்சவரம்பைப் பணி மீறுதல் மற்றொரு காரணம். பணியின் வளத்தேவை பொருந்தாமை வேறொரு காரணம். காத்திருப்பு ஏன் நிகழ்கிறது என்னும் வினா வரிசையின் பனுவலுக்குள் நுழைந்தது இப்புலத்தின் வழியேதான். ஏழு ஆண்டுகள் கழித்து வந்த இவ்வரிகள், முந்தைய வடிவம் எதனைக் கூறாமல் விட்டது என்பதற்கும் சான்றாகின்றன.

இங்கு ஒரு மறுப்பு எழலாம். நிரல்வடிவம் சேவையின் புலங்களைப் பின்பற்றியே ஆக வேண்டும். திசைகளும் விளைவுகளும் ஆவணங்களில் விளக்கப்பட்டுள்ளன. ஐயமுள்ள இடத்தில் நிரலாளர் குறிப்புரை எழுதிக்கொள்ளலாம் என்பது அது. இம்மறுப்பில் உண்மை உண்டு. நிரலாக எழுதுவதால் விளையும் நன்மையும் மறுக்கத்தக்கதன்று. ஒரு வரிசையின் முன்னுரிமை 1இலிருந்து 10ஆக எப்போது, யாரால் உயர்த்தப்பட்டது என்பது மாற்ற வரலாற்றில் பதிவாகிறது. திரையில் சொடுக்கி மாற்றிய காலத்தில் இப்பொறுப்புடைமை இத்துணை எளிதில் கிட்டவில்லை. ஆயினும் மாற்றத்தை மதிப்பிடுபவர் முன் நிற்பது ஆவணமன்று, மாறிய வரியே. அவ்வரி தன் திசையைத் தானே கூறாவிடில், பதிவான வரலாறும் தவறாகவே படிக்கப்படும். டெர்ராஃபார்மின் பழைய பட்டியலும் சிடிகேயின் கால அளவு வகையும், மூலத்தினின்று விலகித் தெளிவு தர இயலும் என்பதற்கு முன்னரே சான்றாகியுள்ளன.

தமிழ்ச் சொல்லாக்க நோக்கு

மேற்கண்ட வாசிப்பு, இத்துறையைத் தமிழில் கற்பிப்போர்க்கும் பயன்தரும். தமிழில் வரிசை என்னும் சொல் காத்துநிற்போரின் தொடரையும், ஒன்றன்பின் ஒன்றாம் ஒழுங்கையும் ஒருங்கே குறிக்கிறது. ஆங்கிலத்தில் இரு சொற்களால் பிரிந்து நிற்கும் 'கியூ', 'ஆர்டர்' இரண்டும் தமிழில் வரிசை என்றே பெயர்க்கப்பட்டால், வரிசையின் வரிசை என்னும் மயக்கம் நேரும். ஆகவே முன்னதற்குப் பணிவரிசை என்பதையும், பின்னதற்கு முயலும் முறை என்பதையும் ஆளலாம்.

பெயர்ப்பு மூலத்தின் மயக்கத்தைக் களையும் வாய்ப்பையும் தருகிறது. 'வெயிட் ஃபேக்டர்' என்பதை எடைக் காரணி என்று பெயர்த்தால் மயக்கமும் உடன்வரும்; நுகர்வுச் சுமை என்று பெயர்த்தால் சுமை குறைந்தவர் மிகுதியாகப் பெறுவார் என்னும் திசை பெயரிலேயே விளங்கும். 'டிஸ்ஏபிள்டு' என்பதைச் சேர்க்கை நிறுத்தம் என்றும், 'ரன்னபிள்' என்பதை இடம்நோக்கிக் காத்தல் என்றும் ஆளுதல் பொருளுக்கு நெருங்கியது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதினும் செயலுக்குச் சொல் வகுத்தலே இங்கு ஏற்றது.

முறை என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. தன் முறை வந்தது என்னும் வழக்கில் அது வரிசையில் உரிய இடத்தைக் குறிக்கிறது. பழைய வழக்கில் அரசன் முறை செய்தல் நீதி வழங்கலைக் குறித்தது. வரிசையில் இடம் தருதலும் நீதி செய்தலும் ஒரே சொல்லில் இணைந்திருப்பது, நிரல்வடிவங்கள் மறந்த தொடர்பை நினைவூட்டுகிறது.

முடிவுரை

பணிவரிசையின் நிரல்வடிவம் அளவிற் சிறியது. அதன் முடிவுகளோ பலரது நேரத்தைப் பங்கிடுவன. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூன்று வடிவங்களும் பதிவுடைமை, மீளுருவாக்கம் ஆகிய நன்மைகளைத் தருகின்றன. ஆயினும் முந்துதலைக் குறிக்கும் எண்கள் எதிரெதிர்த் திசைகளில் பொருள் தருகின்றன. மூடுதலின் வேறுபட்ட வகைகள் ஒரே இருமைக்குள் ஒடுங்குகின்றன. பிறப்பியல்பும் மாறியல்பும் வேறுபாடின்றி எழுதப்படுகின்றன. காத்திருப்போரின் நிலை நெடுங்காலம் பனுவலுக்கு வெளியே நின்று, அண்மையில்தான் உள்ளே இடம்பெற்றது.

இவற்றைக் களைவதற்கு வேண்டுவன அரிய நுட்பங்கள் அல்ல. எண்ணுக்கு மாற்றாகப் பட்டியலின் இடத்தைக் கொள்ளுதல், திசையைப் பெயரில் அமைத்தல், சேர்க்கையையும் இயக்கத்தையும் தனித்தனியே கேட்டல், நீக்கத்திற்கு முன் காத்திருப்போரின் எண்ணிக்கையைக் காட்டுதல் ஆகியன போதும். இவற்றுள் சில வேறு அமைப்புகளிலும் முந்தைய வடிவங்களிலும் ஏற்கெனவே வழக்கில் இருந்தவை. அவற்றைப் பணிவரிசையின் நிரலுக்குள் கொணர்தல், கடைசியில் நிற்கும் பணியை அனுப்பியவரும் தமக்குரிய முறையை அந்நிரலிலேயே படித்தறிய வழிசெய்யும்.